உறவினர் வசிக்கும் பகுதி

கமா சார் அவள் எழுதிய வரைவின் மூன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, அதே இடத்தில் அதைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி மேசைமேல் அதிர்ந்து நகர்ந்தது. அக்கா. அலுவலக நேரத்தில் அக்கா கூப்பிடுகிற வழக்கமில்லை. அத்தானுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, சாரிடம் கையாலேயே அனுமதி கேட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"சின்னவளே, உங்க ஆபீஸ் மேப்புல எங்க சந்து இல்லையாமே?"

"எந்தச் சந்து?"

"எந்தச் சந்தா? வீட்டுக்குப் பின்னாடி, கோடவுனை ஒட்டி மெயின் ரோட்டுக்குப் போற சந்து. கோடவுன்காரரோட மகன் வந்து நிக்கிறான். கேட் போட்டுப் பூட்டப் போறானாம். ஏன்டா தம்பின்னு கேட்டா போனைக் காட்டுறான். கவர்மெண்ட் மேப்புலயே இல்லாத வழிக்கு நான் எதுக்கு இடம் விடணும்ங்கிறான். நீ அங்க உக்காந்துகிட்டு என்னதான்டி பண்ற?"

அந்தப் பொது வரைபட வாரியத்தில் கொள்கைப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. படம் வரைவது அவள் வேலையில்லை. யார் வரையலாம், யார் திருத்தலாம், எந்த ஆதாரத்தை நம்பலாம், தவறு நேர்ந்தால் யார் விசாரிக்கலாம் என்பதையெல்லாம் எழுதிவைப்பதுதான் வேலை. துறையாக இருந்தது வாரியமாக மாறிய புதிதில், ஓர் அதிகாரி தன் சகலையின் நிலத்துக்காக ஆற்றங்கரையையே கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டார் என்று வெளியே தெரிந்து எல்லோரும் சிரித்தார்கள். பேருந்தில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் சொல்லவே கூசிய காலம் அது. அந்த எரிச்சலில் உட்கார்ந்து அவள் எழுதிய கொள்கையில் ஒரு வரி இன்றைக்கும் அவளுக்கு மனப்பாடம். 'உறவினர் வசிக்கும் பகுதியின் படத்தில் எந்த ஊழியரும் கை வைக்கக் கூடாது. அத்தகைய ஊழியர் அப்பகுதி குறித்துத் தரும் எந்தத் தகவலும் ஆதாரம் ஆகாது.' வாரியக் கூட்டத்தில் அந்த வரியை வாசித்தபோது ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கமா சார் மட்டும் வரியில் என்னமோ குறைகிறதே என்று நடுவிலிருக்கும் முற்றுப்புள்ளியைப் பற்றி ஏதோ கேட்டார். இயக்குநராக இருந்தும் அவருக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

இருக்கைக்குத் திரும்பி அக்காவின் தெருவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். தெரு, கடைசி வீடு, கிடங்கின் நீளமான சாம்பல் கட்டம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. போன பதிப்பைத் திறந்தாள். வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே, பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கோடு ஒன்று முக்கியச் சாலைவரை நேராகப் போனது. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அத்தான் தினமும் ஊன்றுகோலோடு நடந்து எதிர்ப்பக்கத்துச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வருவது அந்தக் கோட்டின் வழியாகத்தான். அது இல்லையென்றால் தெருவின் மறுமுனைக்குப் போய், லாரிகள் நிற்கிற வளைவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அங்கே நடைபாதை கிடையாது. 'திருத்து' என்ற பொத்தான் அவள் திரையிலும் இருந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் தன்னைப் பார்த்தாரோ என்று தோன்றியது. அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பகுதியைப் புதுப்பித்த சர்வேயர் கீழ்த்தளத்தில் இருந்தார். வெயிலில் கறுத்த ஒல்லி மனிதர். இவள் கேட்டதும் சிரித்தார்.

"நான் எடுக்கல மேடம். உங்க ரூல்தான் எடுத்துச்சு. ஆதாரம் இல்லாத எதுவும் படத்துல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சர்க்குலர் விட்டீங்க?"

"ஆதாரம் ஏன் இல்லை?"

"மேல இருந்து எடுத்த படத்துல கோடவுன் தகரமும் ஒரு மரமும் மறைக்குது. பழைய அளவுக் குறிப்பைத் தேடினேன். அந்தத் தெரு முழுக்க இருக்கு, இந்தச் சந்துக்கு மட்டும் இல்ல. அளக்காம ஒரு கோடு எப்படி வந்துச்சுன்னு எனக்கே புரியல."

"அது எங்க அப்பா வேலை பார்த்த காலத்துப் பதிப்பு," என்றாள். சொல்லும்போதே குரலில் கொஞ்சம் மிடுக்கு ஏறியதை உணர்ந்தாள். "அவங்க யாரும் அளக்காம மை தொட மாட்டாங்க. குறிப்புதான் எங்கயாவது தொலைஞ்சிருக்கும்."

அவளுடைய அப்பா இதே கட்டடத்தில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்று, பிறகு இறந்துபோனவர். அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கமா சார் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பக்கத்து மேசை. எதற்கும் அப்பாவைப் பெருமையாக இழுத்துவிடுவது அவளுக்கு ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது.

அக்கா முறைப்படி புகார் கொடுக்கட்டும் என்றார் கமா சார். அக்கா கொடுத்தாள். கொடுத்த புகார் வாரியத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, கொள்கைச் சிக்கல் உள்ள புகார் என்று முத்திரை வாங்கிக்கொண்டு, அவளுடைய மேசைக்கே வந்துசேர்ந்தது. இவர் என் அக்கா, நான் விசாரிக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்தபடியாக விசாரிக்க வேண்டியவர் சர்வேயர். ஆனால் கோட்டை எடுத்தவரே அதை விசாரிக்கக் கூடாது. அவருக்கு மேலே கமா சார். அவர் மேல்முறையீட்டைக் கேட்பவர். முதல் விசாரணையைச் செய்தவர் மேல்முறையீட்டைக் கேட்கக் கூடாது. அவள் எழுதியவற்றை அவளே வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே நியாயமாக இருந்தது. எதை அடிப்பது என்று யாராவது கேட்டால் எதையும் அடிக்க அவளுக்கு மனம் வராது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் மட்டும் அக்காவின் புகாரைக் கேட்க உலகத்தில் ஓர் ஆள்கூட இல்லை என்று வந்தது. எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அறிவிக்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் விசாரணையே முடிந்திருக்கும். நேர்மையாக இருந்ததால்தான் நின்றுபோனது. இந்த நினைப்பு வந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

வாரியம் கூடி, இந்த ஒரு புகாருக்கு மட்டும் விலக்கு அளித்து, கமா சாரும் வெளி உறுப்பினரான ஒரு வக்கீலம்மாவும் விசாரிக்கலாம் என்று முடிவுசெய்வதற்குள் கிடங்குக்காரர் மகன் இரும்புக் கதவை மாட்டிவிட்டான். அத்தான் ஒரு நாள் லாரி வளைவைச் சுற்றிப் போனார். பாதியில் கால் ஒத்துழைக்காமல் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் எடுத்த லாரி ஒன்று ஊன்றுகோலை நசுக்கிவிட்டுப் போனது. ஊன்றுகோலைத்தான் நசுக்கியது, அவரை அல்ல. அதற்கப்புறம் அவர் வெளியே போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அவள் பார்க்கப் போனாள். ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த அத்தான் "வாம்மா, மேப்புல இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டியே" என்றார். எப்போதும்போல் கிண்டல்தான், ஆனால் முகத்தில் சவரம் இல்லை. அக்கா அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் விசாரணை. கவலைப்படாத. பழைய பதிப்புல இருக்குல்ல? அதை வாரியம் அவ்வளவு லேசுல தள்ளாது. அளவுக் குறிப்பு மட்டும் கிடைச்சுட்டா போதும். அப்பா காலத்துது, எங்கயோ பைலுக்குள்ள சொருகிக் கிடக்கும்."

அக்கா திரும்பவில்லை. குழாயை மூடினாள். "கிடைக்காது," என்றாள்.

"ஏன்?"

"அளந்தாதானே கிடைக்கும்? அப்பாதான் போட்டாரு அந்தக் கோட்டை."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்பாதான் போட்டிருப்பார், அவர் வேலையே அதுதானே என்று நினைத்தாள். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இங்க வந்த புதுசு. பஸ்ஸுக்குப் போகணும்னா அந்த வளைவைச் சுத்தித்தான் போகணும். லாரிக்காரனுங்க நிப்பானுங்க, ஒரு மாதிரி பேசுவானுங்க. நான் அப்பாகிட்ட அழுதேன். அப்ப கோடவுன் ஓரமா இந்தப் பையனோட அப்பா, பெரியவரு, சங்கிலி போட்டு வச்சிருந்தாரு, அது அவரோட இடம்னு. அப்பா வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போனாரு. அடுத்த மேப் வந்ததும் கொண்டுவந்து பெரியவருகிட்ட விரிச்சுக் காட்டினாரு. பாருங்க, இது பொது வழின்னு இருக்குதேன்னாரு. அந்த மனுஷன் படிக்காதவரு. கவர்மெண்டே போட்டிருக்கே, நமக்குத்தான் தெரியல போலன்னு சங்கிலியைக் கழட்டிட்டாரு."

"அக்கா, அது திருட்டு."

"என்ன திருட்டு? தெருவே அதுலதான் நடக்குது இத்தனை வருஷமா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கல்லாம் அதுலதான் போகுது. அவரு மகள் பயமில்லாம நடக்கறதுக்கு ஒரு கோடு போட்டாரு. உனக்கு வேணும்னா நீ எழுதி வச்சிருக்கறதுல அதுக்கு ஏதாவது பேர் இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க அத்தானுக்கு இது தெரியாது. நீயா உளறிடாத."

அன்றைக்குத் திரும்பி வரும்போது பேருந்தில் எதிர் இருக்கைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் சங்கடப்பட்டு வேறு இருக்கைக்கு மாறினார். ஆற்றங்கரையைத் தள்ளிப் போட்ட அந்த அதிகாரியை இத்தனை வருடமாக அவள் மனதுக்குள் திட்டியிருக்கிறாள். அவருக்கும் அப்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினாள். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அப்பா அந்தக் கோட்டை இழுத்த சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன செய்திருப்பார்? வழக்கம்போல் கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தன்னைக் கூப்பிட்டு வீட்டுப்பாடம் பார்த்திருப்பாரா? கோடு பொய். ஆனால் அந்தக் கோட்டை நம்பி நடந்த கால்கள் பொய் இல்லை. தரையில் இருப்பதைக் காட்டுவதுதான் படம் என்று அவளே பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இப்போது தரையில் வழி இருக்கிறது. அது படத்திலிருந்து தரைக்கு இறங்கி வந்த வழி. இதற்கு எந்த விதி? யோசிக்க யோசிக்க, துவைத்த துணியின் எந்தப் பக்கம் உள்பக்கம் என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பார்ப்பதுபோல் இருந்தது.

விசாரணை அறையில் குளிர் அதிகம். கமா சார், வக்கீலம்மா, சர்வேயர். கொள்கைக்கு விளக்கம் கேட்டால் சொல்வதற்காக அவளும் ஓரத்தில் உட்காரலாம், வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஏற்பாடு. சர்வேயர் படங்களைக் காட்டினார். பழைய பதிப்பில் இருப்பதே வாரியத்தின் சொந்த ஆவணம்தானே, குறிப்பு தொலைந்ததற்குக் குடிமக்களைத் தண்டிக்கலாமா என்று வக்கீலம்மா கேட்டார். கமா சார் தலையாட்டினார். இன்னும் ஒரு நிமிடம் அவள் சும்மா இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று தெரிந்தது. கோடு வந்துவிடும், கதவு திறந்துவிடும், அத்தான் நடப்பார், அப்பா அப்பாவாகவே இருப்பார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்."

"நீங்க பேசக் கூடாதேம்மா."

"குறிப்பு தொலையல சார். இருந்ததே இல்ல. எங்க அப்பா அளக்காம போட்ட கோடு அது. அக்காவுக்காக."

சர்வேயர் மேசையின் மரவரிகளைக் கூர்ந்து பார்த்தார். வக்கீலம்மா பேனாவைத் திறந்துவிட்டு, எழுதலாமா என்பதுபோல் கமா சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"இதை எடுத்துக்க முடியாது," என்றார்.

"ஏன் சார்?"

"உறவினர் வசிக்கும் பகுதி. அத்தகைய ஊழியர் தரும் எந்தத் தகவலும் ஆதாரம் ஆகாது. உங்க வரிதான்."

"அது ஒருத்தர் தனக்குச் சாதகமா சொல்றதைத் தடுக்கத்தான் சார் எழுதினேன். நான் எங்களுக்கு எதிராதானே சொல்றேன்?"

"சாதகம், பாதகம்னு நீங்க பிரிக்கலையே. அன்னைக்கே கேட்டேன் இந்த வரியில என்னமோ குறையுதுன்னு. எந்தத் தகவலும்னா எந்தத் தகவலும்தான்." வக்கீலம்மாவின் பக்கம் திரும்பினார். "அதை எழுத வேண்டாம் மேடம்."

அவர் அப்பாவுக்காகச் செய்தாரா, விதிக்காகச் செய்தாரா என்று அவள் அவர் முகத்தில் தேடினாள். அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு அந்தக் கோடு அப்போதே தெரியுமா? தெரியும் என்றால் அவரும்தானே விலகியிருக்க வேண்டும்? அவர் ஏற்கெனவே அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வழக்கமாக இருப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் சொல்லப்பட்டது காதில் விழாமல் போய்விடுமா? எழுதாவிட்டாலும் வக்கீலம்மாவின் முகம் மாறியிருந்தது. முழுக் கோடு போட அவர் இப்போது ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று காரணமும் சொல்லவில்லை, சொல்ல முடியாதே. அரை நாள் பேசியபின் ஒரு முடிவு வந்தது. சந்து படத்தில் இருக்கும், விட்டுவிட்டுப் போகும் கோடாக. 'பயன்பாட்டில் உள்ள வழி. உரிமை உறுதிசெய்யப்படவில்லை' என்று அதற்குப் பொருள். அப்படி ஒரு குறியீடு வாரியத்திடம் இதுவரை இல்லை. அதற்கான கொள்கையை எழுதும் வேலை யாருக்கு வரும் என்பதை நினைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சாயங்காலம் அக்காவை அழைத்தாள்.

"கோடு வந்துடுச்சா?"

"வந்துருக்கு. ஆனா விட்டு விட்டு."

"விட்டு விட்டுன்னா? விட்டு விட்டு எப்படிடி நடக்கறது?"

விளக்கினாள். விளக்கும்போது எங்கேயோ ஓரிடத்தில் தானும் பேசியதைச் சொல்லும்படி ஆகிவிட்டது. எதிர்முனையில் தொலைக்காட்சியின் சத்தம் குறைக்கப்பட்டது.

"அப்பாவையா சொன்ன?" என்றாள் அக்கா. "அத்தனை பேரு முன்னாடி?"

"அவங்க எழுதிக்கலக்கா."

"நான் அதைக் கேக்கலயே." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதன்பின் அக்கா அழைக்கவில்லை. அவள் அழைத்தால் அத்தான்தான் எடுத்தார், உங்க அக்கா குளிக்கிறா என்றார், மாடியில இருக்கா என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புறப்பட்டுப் போனாள். லாரி வளைவு வழியாகப் போகாமல் முக்கியச் சாலையிலேயே இறங்கி, சந்தின் அந்தப் பக்கமாக நுழைந்தாள். இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. திறப்பின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வயதான காவலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழுதாகத் திறக்கவும் முதலாளி சொல்லவில்லையாம், பூட்டவும் சொல்லவில்லையாம். வக்கீல் ஒருவரைக் கேட்டாராம். திறந்துவிட்டாலும் வழக்கு வரும், பூட்டினாலும் வழக்கு வரும் என்றாராம் அவர். எதற்கும் நடுவில் உட்கார்ந்துகொள் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனாராம்.

"நீங்க மேப் ஆபீஸ் அம்மாதானே? அந்தக் கடைசி வீட்டு சார் போன்ல உங்க போட்டோ காட்டினாரு," என்றார் காவலாளி. "நீங்களே சொல்லுங்கம்மா. நான் ஆளுங்களை விடணுமா, வேண்டாமா?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சமயத்தில் சந்தின் மறுமுனையில், தகரக் கூரையின் நிழலிலிருந்து, அத்தான் வெளிப்பட்டார். புது ஊன்றுகோல். சவரம் செய்திருந்தார். அவருக்குப் பின்னால், கை நீட்டினால் பிடித்துவிடுகிற தூரத்தில் அக்கா வந்துகொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் நடையை மாற்றவில்லை, தலையையும் திருப்பவில்லை. காவலாளி அவர்களைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். எழுந்து நாற்காலியைத் தூக்கி ஓரமாக ஒதுங்கினார். அத்தான் ஓர் அடி, நிறுத்தி, மறு அடி என்று கதவைக் கடந்து வெயிலுக்கு வந்தார். அக்கா இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். காவலாளி நாற்காலியைக் கீழே வைக்காமல், இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி, இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.